எல்லையில் முறியும் கணக்கு: நெய்யாறும் அதன் கடற்கரையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், கடற்கரைக்கு மிக அருகே இருக்கிறது காஞ்சிரங்குளம். அதற்குத் தெற்கே சிறிது தூரத்தில், பூவாறில், நெய்யாறு கடலோடு சேர்கிறது. வடமேற்கே விழிஞ்ஞம் துறைமுகம். கிழக்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகப் போகும் நெடுஞ்சாலை களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பூவாறைத் தாண்டினால் பொழியூர். அதையடுத்துக் குமரி மாவட்டத்தின் கொல்லங்கோடும் நீரோடியும். ஒரு நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தச் சிறு நிலப்பரப்பில் கால்வாய்த் தண்ணீர் வழக்கு, ஆற்றுமணல் கொள்ளை, கல்குவாரிப் புழுதி, கடலரிப்பு, குப்பை லாரி என்று ஓயாத பிரச்சினைகள் வரிசையாக நிற்கின்றன. செய்தித்தாள்கள் இவற்றைத் தனித்தனிப் பக்கங்களில் போடுகின்றன. அரசிலும் பாசனத்துக்கு ஒரு துறை, கனிமத்துக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று. இவை தனித்தனி நோய்கள் என்ற எண்ணமே தீர்வைத் தள்ளிப்போடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தண்ணீர், மணல், பாறை ஆகிய மூன்றும் ஒரே ஆற்றுப்படுகையிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எடுக்குமிடத்தில் வரும் லாபம் ஒரு கணக்கில் ஏறுகிறது. இழக்குமிடத்தில் வரும் நட்டம் மாநில எல்லையையோ துறை எல்லையையோ தாண்டிவிடுவதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆற்றிலிருந்து தொடங்கலாம். அகத்தியமலையில் பிறந்து பூவாறில் முடியும் நெய்யாற்றின் நீளம் 56 கிலோமீட்டர்; வடிநிலப் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் ஆறுகளோடு ஒப்பிட்டால் சிறியது. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது என்றாலும் மாநிலத்தின் தென்முனையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே இந்த ஆற்றுக்கு வீணடிக்க உபரி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கள்ளிக்காட்டில் அணை கட்டும் திட்டம் உருவானபோது திருவிதாங்கூர்-கொச்சி ஒரே மாநிலம். நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அடுத்தடுத்த வட்டங்கள். வலதுகரைக் கால்வாய் ஒரு பக்கத்துக்கும் இடதுகரைக் கால்வாய் மறுபக்கத்துக்கும் என்று பொறியாளர்கள் நிலத்தின் சாய்வைப் பார்த்து வரைந்தார்கள். பணிகள் முடியும் முன்னரே, 1956 நவம்பர் 1 அன்று, மொழிவழி மாநிலப் பிரிவினை வந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணை ஒரு மாநிலத்திலும் இடதுகரைக் கால்வாயின் கடைமடை இன்னொரு மாநிலத்திலுமாக ஆயின. குமரி மாவட்டத்தார் இன்றும் ‘சானல்’ என்று சொல்லும் அந்தக் கால்வாய் விளவங்கோடு பக்கத்தில் சுமார் 9,200 ஏக்கர் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டப்பட்டது. 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது.

நின்றதற்குக் கேரளம் சொல்லும் காரணம் சட்டம் சார்ந்தது. நெய்யாறு கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே கடல் சேர்கிறது. எனவே அது மாநிலங்களுக்கிடையிலான ஆறே இல்லை. 2003ஆம் ஆண்டின் கேரளப் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடன்படிக்கை இல்லாமல் பிற மாநிலத்துக்குத் தண்ணீர் தர முடியாது என்பது அதன் நிலை. தமிழ்நாடு சொல்வது வரலாறு சார்ந்தது. இத்திட்டம் இரு பகுதிக்கும் பொதுவாகப் போடப்பட்டது. பிரிவினைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தண்ணீர் வந்தது. கோடு மாறியதால் உரிமை மாறாது என்கிறது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் மூல வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுக்கு மேலாக அது இழுபட்டது. இதற்கிடையே சானலின் கரைகள் இடிந்தன, புதர் மண்டியது. ஏலாக்கள் என்று இப்பகுதியில் அழைக்கப்படும் வயல்வெளிகளில் நெல் போய் வாழையும் தென்னையும் ரப்பரும் வந்தன. பிறகு வீட்டுமனைகளும் வந்தன. நாளை தீர்ப்பு விளவங்கோட்டுக்குச் சாதகமாக வந்தாலும், தண்ணீர் பாய வேண்டிய வயலில் ஒரு பகுதி இனி வயலாக இருக்காது. நீதி தாமதித்தால் உரிமை மட்டும் பாதிக்கப்படுவதில்லை, அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலமே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வட்டாரத்தில் கிடையாது.

கேரளத்தின் மறுப்பை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2017 கோடையில் பேப்பாறை அணை வற்றியபோது திருவனந்தபுரம் நகரத்துக்கே குடிநீர் இல்லாத நிலை வந்தது. நெய்யாறு நீர்த்தேக்கத்தில் காப்புக்காடு என்ற இடத்திலிருந்து தண்ணீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுபோய்த்தான் நகரத்தின் தாகத்தைத் தணித்தார்கள். தலைநகரத்தின் கடைசிக் கையிருப்பாக இருக்கும் ஓர் அணையிலிருந்து அடுத்த மாநிலத்து வாழைக்குத் தண்ணீர் விடு என்று கேட்பது எப்படி என்று ஒரு நெய்யாற்றின்கரைக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அதே அணையின் இன்னொரு ஆண்டையும் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நெய்யாற்றின்கரையும் குமரியும் சேர்ந்தே மூழ்கின. பாறசாலை, குழித்துறை, இரணியல் பகுதிகளில் தண்டவாளத்தில் மண் சரிந்து திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் ஓட்டம் முடங்கியது. ஒரு வருடம் தாகம், இன்னொரு வருடம் வெள்ளம் என்று மாறும் ஆற்றில் ‘எப்போதும் தா’ என்பதும் ‘எப்போதும் தரமாட்டேன்’ என்பதும் ஒரே அளவுக்குப் பொருளற்றவை. நீர்த்தேக்க மட்டத்தைப் பொறுத்து, இன்ன அளவுக்கு மேல் இருந்தால் இவ்வளவு, குறைந்தால் குடிநீருக்கே முதலிடம் என்று அட்டவணை போட்டுப் பகிர்வதுதான் வறண்ட ஆண்டிலும் கேரளத்தைக் காக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையில் 1970இல் இதே இரு மாநிலங்களும்தான் கையெழுத்திட்டன. கேரளத்தில் இருக்கும் சிறுவாணி அணையிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிநீர் வருவதும் உடன்படிக்கையால்தான். அவற்றில் சச்சரவு இல்லாமல் இல்லை. சச்சரவுக்கு நடுவிலும் தண்ணீர் ஓடுகிறது.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு வழக்காடிய இரு மாநிலங்களும் அந்தத் தண்ணீர் சுமந்து வந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓர் ஆறு கடலுக்குக் கொண்டுபோவது நீரை மட்டுமல்ல. மலையிலிருந்து உருட்டிவரும் சரளையும் மணலும்தான் ஆற்றடியைத் தாங்குகின்றன, முகத்துவாரத்தில் திட்டாகின்றன, பின்னர் அலைகளால் கரையோரமாகப் பரப்பப்பட்டுக் கடற்கரையாகின்றன. அணை கட்டியதும் மேலிருந்து வரும் கனத்த மணல் நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே எஞ்சியிருந்த பழைய மணலைக் கட்டுமானத் தொழில் அள்ளியது. வளைகுடாப் பணம் வந்து கேரளம் முழுக்க வீடுகள் எழும்பிய காலத்தில் நெய்யாற்றிலும் இரவுபகலாக மணல் வாரினார்கள். ஆற்றுக்குள் கிடைக்காதபோது கரையோர நிலங்களைத் தோண்டினார்கள். அந்தக் குழிகள் தண்ணீர் நின்று குளம்போல ஆயின. 2001இல் கேரளம் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டமே போட்டது. எந்த ஆற்றில் எவ்வளவு மணல் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்கிடும் ‘மணல் தணிக்கை’ என்ற ஏற்பாடும் அதனோடு வந்தது. ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் கேரள ஆறுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதியது ஒன்றுதான்: ஆறு கொண்டுவருவதைப் போலப் பல மடங்கு மணல் அள்ளப்படுகிறது.

ஆற்றடி தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இருபுறக் கிணறுகளின் நீர்மட்டம் ஆற்றின் மட்டத்தோடு சேர்ந்து இறங்குகிறது. பாலத்தின் அடித்தூண்கள் வெளியே தெரிகின்றன. கரைகள் அடியறுந்து சரிகின்றன. கடலோரத்தில் ஆற்றடி கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், கோடையில் ஆற்றோட்டம் குறையும்போது கடல் ஏற்றத்தோடு உப்புநீர் உள்ளே ஏறுகிறது. பூவாறு பொழிமுகத்தில் மணல்திட்டு எழுந்து வாய் அடைபடுவதும், மழைநீர் பெருகி அது உடைவதும் காலங்காலமாக நடந்துவரும் இயக்கம். அந்த இயக்கத்துக்கு மேலிருந்து வரும் மணலும் வேண்டும், மேலிருந்து வரும் நீரும் வேண்டும். இரண்டையும் குறைத்துவிட்டுப் பொழிமுகத்தை மட்டும் இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டிருப்பது ஆண்டுதோறும் செலவுதான், தீர்வாகாது.

ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் கட்டுமானம் நிற்கவில்லை, பாறைக்கு மாறியது. எம்-சாண்ட் என்று இன்று எல்லோரும் சொல்லும் பொருள் கருங்கல்லை உடைத்து அரைத்த தூள். ஆற்றைக் காக்கப் போட்ட தடை மலையை நோக்கிப் பாரத்தைத் திருப்பிவிட்டது என்று சொன்னால் அது தடைக்கு எதிரான வாதமாகக் கொள்ளப்படும் என்ற தயக்கம் சூழலியலாளர்களிடையே உண்டு. தயங்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும். தேவையைக் குறைக்காமல் ஓரிடத்தில் மட்டும் தடுத்தால் அடுத்த இடத்தில் தோண்டுவார்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதி ஒவ்வொரு குவாரிக்கும் தனித்தனியாகத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு மலைத்தொடர் முழுக்க எத்தனை குவாரிகள், எத்தனை லாரிகள், எத்தனை டன் புழுதி என்பதைச் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. நெய்யாற்றின்கரை, காட்டாக்கடைப் பகுதிகளில் எதிர்ப்பு வலுத்தபோது எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தின் குன்றுகள் கைகொடுத்தன. களியக்காவிளை வழியாகக் கனரக லாரிகளில் கல்லும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போவதை எதிர்த்துக் குமரியில் நடந்த போராட்டங்கள் பல. தெற்கே வரவேண்டிய தண்ணீர் 2004இல் எல்லையில் நின்றது. வடக்கே போகும் கல் நிற்கவில்லை. முன்னதற்கு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. பின்னதற்குக் கொண்டுசெல்லும் அனுமதியான நடைச்சீட்டு இருக்கிறது.

அந்தக் கல்லில் ஒரு பங்கு எங்கே போனது என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் தேவைப்பட்டது. 2019 இறுதிக்குள் முடியவேண்டிய முதற்கட்டம் தள்ளிப்போனதற்கு நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒகி புயலோடு கருங்கல் பற்றாக்குறையும் ஒன்று. திட்டத்துக்கு 2014 ஜனவரியில் கொடுக்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதி துறைமுக இடத்தைச் சுற்றிய நிலத்தையும் கடலையும்தான் முக்கியமாகப் பார்த்தது. கடலில் கொட்டப்படும் மலை எந்த ஊரில் எழுந்து நின்றது என்பது அதன் சட்டகத்துக்கு வெளியே. இது அந்தத் திட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று. இந்தியாவில் சூழல் தாக்க மதிப்பீடு பொதுவாகத் திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு அதற்குள் நின்றுவிடும். பொருள்கள் அந்த வட்டத்துக்குள் நிற்பதில்லை.

இனிக் கடற்கரை. கடற்கரை மணல் நிலையானது என்று நிலத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கரமடி வலை இழுப்பவர்களுக்கு அது நடமாடுவது தெரியும். பருவத்துக்குப் பருவம் அலை கரையில் மோதும் கோணம் மாறுவதால் மணல் ஒருபுறம் நகர்ந்து மறுபுறம் திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் இந்தத் தென்கரையில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி என்பது இங்குள்ள மீனவர்களின் அனுபவம். ஆய்வாளர் பலரின் கருத்தும் அதுவே, சிலர் மறுப்பதும் உண்டு. நகரும் மணலின் குறுக்கே கல்லைக் கொட்டினால் ஒருபக்கம் மணல் குவியும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே அடிமலத்துறைப் பக்கம் கரை அகன்றிருக்கிறது. வடக்கே வலியதுறை, சங்குமுகம் கரைகள் தேய்ந்து, வீடிழந்த குடும்பங்கள் சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. வடக்குக் கரையின் அரிப்பு துறைமுகத்துக்கு முன்பே தொடங்கியது என்று துறைமுகத் தரப்பு சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஏற்கெனவே இளைத்திருந்த கரை என்பது கூடுதல் எச்சரிக்கைக்குத்தானே காரணமாக வேண்டும்?

இதே நாடகம் எல்லையில் வேறு வேடத்தோடு நடக்கிறது. பொழியூரையும் அதன் தெற்குக் கொல்லங்கோட்டுக் கரையையும் சமீப ஆண்டுகளில் கடல் வாரிக்கொண்டு போனது. சாலை அறுந்தது, வீடுகள் விழுந்தன. கேரளப் பக்கத்து மீனவர்கள் விரல் நீட்டுவது நீரோடிப் பக்கம் தமிழ்நாடு போட்ட கல்கட்டுமானங்களை நோக்கி. குமரியில் அவற்றைத் தூண்டில் வளைவு என்பார்கள், கேரளத்தில் புலிமுட்டு. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை மக்கள் தங்கள் ஊர்களைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடியவர்கள். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. அவர்களுக்குத் தெற்கே தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆக ஒரு கட்டுமானத்தின் விளைவை அடுத்த ஊர் இன்னொரு கட்டுமானத்தால் தடுக்கிறது. அதன் விளைவு அதற்கடுத்த ஊருக்கு. இப்போது பொழியூரிலும் மீன்பிடித் துறைமுகம் அமைக்கக் கேரளம் முனைகிறது. அது வந்தால் அதன் வடக்கே இருப்பது பூவாறும் கருங்குளமும் புல்லுவிளையும், அதாவது காஞ்சிரங்குளத்தின் கடற்கரை. தேசியக் கடற்கரை ஆய்வு மையம் 1990 முதல் 2016 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்து, கேரளக் கரையில் 45 விழுக்காடும் தமிழ்நாட்டுக் கரையில் 41 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளானதாகச் சொன்னது. மாநிலவாரியாகப் போடப்பட்ட இந்தப் பட்டியலைப் பார்ப்பவர் நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையில் உள்ள தொடர்பைக் காண முடியாது.

இங்கே வரக்கூடிய வலுவான மறுப்பு காலநிலை மாற்றம் பற்றியது. கடல் சூடாகிறது, மட்டம் உயர்கிறது, புயல் பெருகுகிறது. உள்ளூர்க் கல்லையும் மணலையும் குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். சான்று கனமானது. புணேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2019 வரையிலான காலத்தில் அரபிக் கடலின் புயல்கள் முந்தைய காலத்தைவிட 52 விழுக்காடு பெருகின. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒகி, குமரிமுனைக்கு அருகே வேகமாக வலுத்தபோது பூந்துறை முதல் தூத்தூர் வரை நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அந்தப் புயலுக்கு மாநில எல்லை கிடையாது. எச்சரிக்கைக்கும் மீட்புக்கும் இருந்தது. 2024 மார்ச் 31 அன்று காற்றோ மழையோ இல்லாத வேளையில் கடல் ஏறி வந்து பொழியூர் முதல் கேரளக் கரை நெடுக வீடுகளுக்குள் புகுந்தது. இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள் மீனவர்கள். தென்பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் அலை இங்கே வந்து உடைவது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இப்போது இதற்கென்று முன்னெச்சரிக்கை விடுகிறது. அடுத்த மே மாதத்திலேயே குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் இதே வகை அலை ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் மறுப்பு முழுமையாகாது. காலநிலை, அலையின் உயரத்தையும் மழையின் வேகத்தையும் விளக்கும். ஒரே நாளில் ஒரே அலை வந்தபோது ஓர் ஊரின் கரை தாங்கி, ஒரு மைல் தள்ளி இருக்கும் ஊரின் தெரு அறுந்ததை அது விளக்காது. அகன்ற மணற்கரை அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. மணல் இழந்த கரையில் அதே ஆற்றல் வீட்டுச் சுவரில் மோதுகிறது. கடலின் வெப்பத்தைக் காஞ்சிரங்குளம் ஊராட்சியால் குறைக்க முடியாது. மணல் எங்கே தடைபடுகிறது என்பதை இரு மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து பார்த்தால் மாற்ற முடியும். காலநிலையைக் காரணம் காட்டி உள்ளூர்ப் பொறுப்பைத் துறப்பது, காலநிலை அறிவியலுக்கே செய்யும் அவமதிப்பு. ஆபத்து பெருகும் காலத்தில் கரையை மெலியவிடுவது மேலும் பெரிய குற்றம் என்பதே அந்த அறிவியல் சொல்வது.

இன்னொரு மறுப்பு வளர்ச்சி பற்றியது. விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மாற்றி ஏற்றப்பட்ட சரக்கு இனி நம் கரையில் இறங்கும். இது பொய்யான லாபம் இல்லை. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தின் காலம் முடிந்துவிட்டது. அதை இடித்துவிடப் போவதில்லை. மிஞ்சியிருப்பது, லாபத்தை எழுதும் அதே பேரேட்டில் கரைநட்டத்தையும் குன்றுநட்டத்தையும் எழுதுவது. 2022 ஆகஸ்டில் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாயிலை மறித்தபோது அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானது, கட்டுமானத்தை நிறுத்திவைத்துக் கடலரிப்பை முறையாக ஆராய வேண்டும் என்பது. போராட்டம் வன்முறையிலும் கசப்பிலும் போய் டிசம்பரில் முடிந்தது. போராட்டத்தை மதச்சாயம் பூசிப் பார்த்தவர்கள் அந்தக் கோரிக்கையின் நியாயத்தைப் பார்க்கத் தவறினார்கள். எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கமும் இதே தர்க்கம் வேறு பெயரில் வருகிறது. கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் முதலிய கனிம மணலை எடுக்கும் பொதுத்துறைத் திட்டத்துக்காக 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்பு எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கரி எரிக்காத நாளைய அணுமின்சாரத்துக்கு அது வேண்டும் என்கிறார்கள். கரிப்புகையைக் குறைக்கும் எரிசக்தி வேண்டியதுதான். அதற்காக மணல் பட்டினியில் இருக்கும் கரையிலிருந்து இன்னும் மணலை எடுப்பதன் விலையைக் கொல்லங்கோடும் பொழியூரும் கொடுக்க வேண்டும் என்றால், அந்த விலையை முதலில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லை என்பது வெளியேற்றும் வாசலாக இருக்கும்வரை உள்ளே தீர்வு பிறக்காது என்பதற்குக் குப்பை நல்ல சாட்சி. காட்டாக்கடைக்கு அருகே விளப்பில்சாலையில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை ஆலை இருந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்க முடியாமல் 2011 டிசம்பரில் அவ்வூர் ஊராட்சியும் மக்களும் அதைப் பூட்டினார்கள். நகரம் திணறியது; தெருவெல்லாம் குப்பை குவிந்தது. பிறகு வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு உரத்தொட்டி, தெருவுக்குத் தெரு தும்பூர்முழி முறைக் காற்றூட்ட உரக்கூடு என்று குப்பையை உண்டாகும் இடத்திலேயே கையாளக் கற்றது. இதற்கு நேர்மாறாக, வாசல் திறந்திருந்த இடத்தில் நடந்தது 2024 டிசம்பரில் தெரிந்தது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தது. களியக்காவிளையிலும் கழிவு லாரிகள் பிடிபடுவது புதிதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரள அரசே அள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று கெடு வைத்தது. சில நாட்களில் லாரிகள் திரும்பி வந்து கழிவை ஏற்றிச் சென்றன. தண்ணீர் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் அதே இரு மாநிலங்களுக்கிடையில் குப்பை வழக்கு சில நாளில் தீர்ந்தது. அங்கே பொருள் கண்ணுக்குத் தெரிந்தது, உரியவர் யார் என்பது காகிதத்தில் இருந்தது, இரு மாநிலத்தையும் கேள்வி கேட்கும் அதிகாரம் ஒரே அமர்விடம் இருந்தது. இந்த மூன்றும் மணலுக்கும் கல்லுக்கும் அமைத்துக் கொடுக்க முடியாதவை அல்ல.

கூட்டாட்சியில் நீரும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, மாநிலங்களுக்கு மேலே இன்னொரு அமைப்பைக் கொண்டுவந்தால் அது ஒன்றிய அரசின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. புதிய ஆணையம் எதையும் இங்கே பரிந்துரைக்கவில்லை. முதலில் வேண்டியது அதிகாரம் அல்ல, பொதுவான அளவை. நெய்யாறு நீர்த்தேக்கத்தின் தினசரி மட்டமும் வரத்தும் வெளியேற்றமும், படுகையில் உரிமம் பெற்ற குவாரிகளும் அவற்றிலிருந்து எல்லை தாண்டும் டன்களும், தேங்காய்ப்பட்டணம் முதல் விழிஞ்ஞம் வரை பருவந்தோறும் அளந்த கரை அகலமும் ஒரே இடத்தில், மலையாளத்திலும் தமிழிலும், யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அளக்கப்படுகின்றன. துறைமுகத்தின் இருபுறக் கரையைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கண்காணிக்கிறது. அணை மட்டத்தைப் பாசனத் துறை குறிக்கிறது. நடைச்சீட்டுகள் கனிமத் துறையிடம் இருக்கின்றன. காஞ்சிரங்குளத்தில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, பாறசாலைக்கு அப்பால் மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் கல்லூரிகள் பல இருக்கின்றன. கரை அகலத்தை அளப்பதற்கு மாணவர்களும் நாடாவும் போதும்.

தொடங்குவதற்கு உகந்த இடம் பொழியூர். அங்கே வரவிருக்கும் துறைமுகத்தின் சூழல் ஆய்வை 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடைக்காமல் தேங்காய்ப்பட்டணத்தில் தொடங்கி விழிஞ்ஞத்தில் முடிக்க வேண்டும். கல் எந்தக் குன்றிலிருந்து வரும் என்பதை அந்த ஆய்விலேயே எழுத வேண்டும். கருத்துக்கேட்பை எல்லைக்கு இருபுறமும் நடத்த வேண்டும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் நினைத்தால் இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கடலில் முதல் கல் விழுவதற்கு முன்பே அவர்கள் அதைச் செய்ய வேண்டும்; பொழியூர் மக்களும் நீரோடி மக்களும் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும்.